அயன்மொழிப் பூட்டும் அவிழ்ந்து கிடக்கும் கதவும்

தமிழகத்தின் வடவெல்லை படையால் மீட்கப்பட்டதன்று, மொழியால் மீட்கப்பட்டது. திருத்தணியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தமிழகத்தொடு மீண்டும் இணைந்தமைக்கு ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் அவர்வழி நின்ற தொண்டரும் பட்ட பாடு ஒருபுறம். அவ்வூர்களில் தமிழ் பேசுவாரும் தமிழ் கற்பாரும் இருந்தனர் என்னும் மறுக்கவொண்ணா உண்மை மறுபுறம். நாவில் தமிழ் நின்றமையால் நிலம் தமிழர்க்கு நின்றது. இவ்வுண்மையை நெஞ்சிலிருத்திக்கொண்டு, அவ்வெல்லையின் கிழக்குக் கோடியிலுள்ள கும்மிடிப்பூண்டிக்கு வருக.

ஆந்திர எல்லைக்கு அணித்தாய், சென்னைப் புறநகர்த் தொடர்வண்டி வந்து நிற்கும் அவ்வூரில், சிப்காட்டுத் தொழிற்பேட்டை பரந்து கிடக்கின்றது. இரும்புருக்காலைகளும் கம்பி உருட்டாலைகளும் வேதிப்பொருளாலைகளும் ஆங்கு இரவும் பகலும் இயங்குகின்றன. திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர் மக்கள் தம் உழைப்பை ஆங்கே விற்று உயிர் வாழ்கின்றனர். எல்லையை மீட்ட மொழிக்கு அவ்வாலைகளில் யாது மதிப்பு? வாயிற்காவலன் வாயிலும் உணவுக்கூடத்திலும் அதற்கு இடமுண்டு. கணினி வைத்த அறையின் கதவருகே வந்ததும் அது வெளியே நிறுத்தப்படுகின்றது.

இது வெறும் மொழிப்பற்றினால் எழும் முறையீடு என எண்ணுவார் எண்ணுக. ஈண்டு வழக்கிடப்படுவது உயிரையும் ஊதியத்தையும் பற்றியது.

சட்டம் அறிந்ததைச் சட்டாம்பிள்ளைகள் மறந்தனர்

உருகிய இரும்பும் சுழலும் உருளையும் உயர்மின் கம்பியும் தொழிலாளிக்குப் பழைய பகைகள். இவற்றைப் பற்றிய எச்சரிக்கை எம்மொழியில் இருத்தல் வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 108ஆம் பிரிவிலேயே வரையறுத்தது. அச்சட்டத்தின்படி வைக்கப்பெற்ற அறிவிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமன்றி, ஆலையிலுள்ள தொழிலாளருட் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என அது விதித்திருந்தது. அவையும் முதன்மை வாயிலருகே எல்லார் கண்ணிலும் படுமாறு வைக்கப்படல் வேண்டும் என்றும் அஃது உரைத்திருந்தது. மின்கம்பத்து மண்டையோட்டின்கீழ் ‘அபாயம்’ என எழுதினர். அது வடசொல்லேயாயினும், படித்தவன் கையை இழுத்துக்கொண்டான். அறிவிப்பின் பயன் அதுவன்றோ? புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று. அது சுவரில் ஒட்டிய தாள்.

இன்று புதியதொரு பகை வந்துளது. அதற்கு வெப்பமில்லை, ஒலியில்லை, உருவமில்லை. உருளைகளின் விரைவையும் உலையின் வெப்பத்தையும் கணினி கட்டுப்படுத்துகின்றது. வருகைப் பதிவு விரல்ரேகைப் பொறியில். சரக்குந்தின் எடைமேடை கணினியொடு பிணைக்கப்பட்டுளது. ஊதியம் கையில் வருவதன்று. வங்கியென வழங்கும் வைப்பகத்துக் கணக்கிற்குச் சென்று கைப்பேசியில் மின்னுகின்றது. இத்துணைக்கும் உரிய காப்பு நெறிகள் எம்மொழியில் உள? பெரும்பாலும் ஆங்கிலத்தில்! பணியில் சேரும் நாளில் ஆங்கிலத் தாளொன்று நீட்டப்படுகின்றது. தொழிலாளி தமிழில் கையொப்பமிட்டு உள்ளே செல்கின்றான். எதற்கு உடன்பட்டான் என்பது அவனுக்கும் தெரியாது. அவனிடம் தாளை நீட்டியவனுக்கும் முற்றத் தெரியாது.

இதன் கொடுமையைப் பண வழக்கில் காண்க. 2017ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் இந்திய நடுவண் வைப்பகம் ஓர் ஆணை பிறப்பித்தது. கணக்கர் தம் கவனக்குறைவால் கடவெண் முதலியவற்றைப் பிறர்க்குக் கூறிப் பணமிழப்பாராயின், வைப்பகத்திற்கு அறிவிக்கும் வரையுள்ள இழப்பு முழுவதும் அவரையே சாரும் என அஃது உரைத்தது. நன்று. கவனக்குறைவு என்பது அறிந்தும் பேணாமை. அறியும் மொழியில் அறிவிக்கப்படாதவனிடம் கவனக்குறைவு யாங்ஙனம் தோன்றும்? எச்சரிக்கை ஆங்கிலத்தில், திருடன் பேச்சோ தமிழில்! திருடன் அறிந்த மொழியறிவு நிறுவனங்கட்கு இன்றிப் போயிற்றே!

‘சைபர்’ என்பது யாது?

முதற்கண் ‘சைபர்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. தமிழகத்துச் சிற்றூர்களில் ‘சைபர்’ என்றால் சுழியம். கணக்கில் சைபர் வாங்கினான் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த வழக்கு. அச்சொல் ‘சிஃபர்’ என்னும் அரபுச்சொல்லின் வழிவந்தது. இக்காலத்துக் ‘சைபர்’ அதனின் வேறு. கப்பல் செலுத்தும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று நார்பர்ட்டு வீனர் என்னும் கணித அறிஞர் 1948ஆம் ஆண்டு தம் நூலுக்குப் பெயர் அமைத்ததனால் பரவியது. இவ் வேறுபாடு அறியாது ‘சைபர் பாதுகாப்பு’ எனப் பலகை எழுதித் தொங்கவிட்டால், படிக்கும் முதியவர்க்குச் ‘சுழியக் காப்பு’ என்றன்றோ பொருள்படும்! சில இடங்களில் அப்பொருளே மெய்யாகவும் இருத்தல் இரங்கத்தக்கது.

இணையக்காப்பு என்க. ‘இணையம்’ என்னும் சொல் தமிழ்மக்கள் நாவில் நன்கு ஊன்றிவிட்டது. ‘காப்பு’ என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்த சொல். இவ்விரண்டும் சேர்ந்தபின் விளக்கவுரை எதற்கு?

வலையும் முடிச்சும்

‘நெட்வொர்க்கு’ என்பது வலை. கும்மிடிப்பூண்டிக்கு அணித்தேயுள்ள பழவேற்காட்டு ஏரியில் வலைவீசும் மீனவர்க்கு இதனைக் கற்பிக்க வேண்டா. கயிறுகள் கூடுமிடம் முடிச்சு. முடிச்சிற்கும் முடிச்சிற்கும் இடையே இழை. கணினி, கைப்பேசி, எடைமேடை, விரல்ரேகைப் பொறி, கண்காணிப்புப் படப்பொறி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு அவிழின் வலையில் ஓட்டை விழும் என்பது மீனவன் அறிவு. ஆலையின் மூலையில் யாரும் பொருட்படுத்தாத படப்பொறியொன்று காப்பின்றி இருப்பின், பகைவன் அதன்வழியே உட்புகுவான் என்பது இணையக்காப்பின் முதற்பாடம். இரண்டும் ஒன்றே.

ஒவ்வொரு முடிச்சிற்கும் முகவரி உண்டு. ‘ஐ.பி. முகவரி’ என்பது அதுவே, எண்முகவரி என்க. பழைய முறையில் அது நான்கு எண்களால் ஆயது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. இவ்வகையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கள் தொகைக்கே அது போதாமையின், மிகப் பெரிய எண்களாலாய புதிய முறை வகுக்கப்பட்டது. எண்களை மாந்தர் நினைவிற்கொள்ளல் அரிது. ஆதலின் பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டும் பெயர்ப்பதிவேடுகள் இணையத்தில் உள. அப்பதிவேட்டைத் திருத்தி, வைப்பகத்தின் பெயருக்கு நேரே தன் முகவரியை எழுதிவைக்கும் கள்வனும் உளன்.

செய்தி முழுதாய்ச் செல்வதன்று. சிறுசிறு பொதிகளாய்ப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் விடுப்போன் முகவரியும் பெறுவோன் முகவரியும் எழுதப்பட்டுச் செல்லும். பத்துச் சரக்குந்துகளில் ஏற்றிய ஒரே ஆலையின் சரக்கு, சில கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையிலும் சில திருவள்ளூர் வழியிலும் சென்று, சென்னையில் ஒரே கிடங்கில் சேர்வது போன்றது இது. சந்திதோறும் நின்று ‘இவ்வழி செல்’ எனக் காட்டும் கருவி ‘ரூட்டர்’. அதனை வழிகாட்டி என்றாலே போதும். ஒரு பொதி வந்து சேரவில்லையெனின், பெறும் கணினி அதனை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். இதில் ஆங்கிலம் அறிந்தார்க்கே விளங்கும் மறைபொருள் யாதுமுண்டோ?

வாயிலும் அரணும்

கணினியிற் ‘போர்ட்டு’ என்னும் சொல்லைக் கண்டதும் ‘துறைமுகம்’ எனப் பெயர்ப்பார் உளர். காட்டுப்பள்ளியில் கப்பல் நிற்பதற்கும் கணினியில் செய்தி நுழைவதற்கும் யாது தொடர்பு? இலத்தீன மொழியில் வாயிலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது இது. வாயில் என்றாலே பொருள் பளிச்சிடும். ஒரு கணினிக்கு 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் உண்டு. மறைகாப்பிட்ட இணையப் பக்கங்கள் 443ஆம் வாயில் வழி வருவன. தொலைவிலிருந்து பொறியைச் செப்பனிடுவார்க்கெனத் திறந்துவிட்ட வாயில், பணி முடிந்தபின்னும் மூடப்படாமற் கிடப்பின், அதன்வழிக் கள்வன் நுழைவான். இதனை ஆங்கிலத்திற் கேட்ட மேற்பார்வையாளன் தலையசைத்துச் செல்வான். ‘புழைக்கடை திறந்து கிடக்கின்றது’ எனத் தமிழிற் கேட்டவன் ஓடிச் சென்று சாத்துவான். மொழியின் ஆற்றல் அது.

‘பயர்வால்’ என்பதைத் ‘தீச்சுவர்’ எனப் பெயர்த்தனர். கேட்பவன் தீயாலான சுவர் எனக் கருதுவான். ஆங்கிலத்தில் அச்சொல், ஒரு கட்டடத்தில் பற்றிய தீ அடுத்த கட்டடத்திற்குத் தாவாமல் தடுக்கும் சுவரைக் குறித்தது. தமிழர்க்கு அவ்வுவமையைக் கடன்வாங்க வேண்டிய வறுமை இல்லை. திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மதுரை மதிலின்மேல் பகைவரைத் தாமே தாக்கும் பொறிகள் பல இருந்தமையைச் சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் விரிக்கின்றது. வருவோரை ஆராய்ந்து, உரியாரை விடுத்து, உரியரல்லாரைத் தடுப்பது அரண். அவ்வளவே ‘பயர்வால்’. அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் கூறும் கருத்தை ஆலை முதலாளிகள் மறவற்க: எத்துணைச் சிறப்புடையதாயினும், உள்ளிருப்பார் செயற்றிறம் இலராயின் அரண் பயனின்று. பல இலக்கம் உருவா கொடுத்து அரண் வாங்கி, உள்ளிருப்பார்க்கு அதன் பெயரையும் புரியவையாதிருத்தல் எவ்வகை அறிவு?

தூண்டிலும் பொய்யானையும்

பகைவன் பெரும்பாலும் மதிலை இடிப்பதில்லை. உள்ளிருப்பானைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்கின்றான். ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இவ்விணைப்பை அழுத்துக’ என வரும் பொய்யஞ்சல் ‘பிசிங்’ எனப்படும். ஆங்கிலத்தார் மீன்பிடித்தலைக் குறிக்கும் தம் சொல்லின் எழுத்தைச் சற்றே மாற்றி இதனை அமைத்தனர். தமிழில் தூண்டில் என்க. இரை எது, முள் எது என்பது அச்சொல்லிலேயே அடங்கியுளது.

செருமானிய நாட்டில் நிகழ்ந்ததைக் கும்மிடிப்பூண்டி இரும்பாலையார் கேட்டல் நன்று. அந்நாட்டு நடுவணரசின் தகவற்காப்பு அலுவலகம் 2014ஆம் ஆண்டு அறிக்கையில், பெயர் குறியாத ஓர் எஃகாலையின் நிலையை விளக்கியது. தூண்டில் அஞ்சல் ஒன்றே தொடக்கம். அதன்வழி அலுவலக வலையுட் புகுந்தவர், ஆங்கிருந்து உருவாக்க வலைக்குத் தாவினர். கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செயலிழந்தன, ஊதுலையை முறைப்படி நிறுத்த இயலாமற் போயிற்று, பெருஞ்சேதம் விளைந்தது. ஓர் அஞ்சல் ஓர் உலையைக் கெடுத்தது! எழுத்தர் அறையில் நேரும் பிழை உலையடியில் நிற்பான் உயிரொடு விளையாடும் என்பதற்கு வேறு சான்று எற்றுக்கு?

தீங்கு செய்யும் நிரல்களைத் தீநிரல் எனப் பொதுவிற் கூறுக. அவற்றுள் மற்றொரு நிரலைப் பற்றிக்கொண்டு பரவுவது நச்சுநிரல். எதனையும் பற்றாது வலைவழித் தானே ஊர்ந்து பரவுவது புழுநிரல். மறைந்திருந்து செய்தி கவர்வது ஒற்றுநிரல். நல்லது போல் வந்து உள்ளே தங்கிக் கேடு செய்வதை ஆங்கிலத்தார் ‘திராய் மரக்குதிரை’ என்னும் கிரேக்கக் கதையால் விளக்குவர். தமிழ் மாணவனுக்குத் திராய் எங்குளது எனத் தெரியாது. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், யானைமேற் காதல்கொண்ட உதயணனைப் பிடித்தற்குப் பகையரசன் வீரரை உள்ளே மறைத்த பொறியானை ஒன்றைச் செய்து விடுத்த கதை உண்டு. பொய்யானை என ஒரு சொல் கூறின், கதையும் விளங்கும், காப்பும் விளங்கும். விலையின்றிக் கிடைக்கும் விளையாட்டு நிரலைக் கைப்பேசியில் இறக்குமுன், ‘இது பொய்யானையோ?’ எனக் கேட்கும் இளைஞன் தப்பினான்.

தமிழகத்திலேயே இதற்குச் சான்றுண்டு. 2019ஆம் ஆண்டு செபுதம்பர் 4ஆம் நாள் கூடங்குளம் அணுமின் நிலையத்துக் கணினியொன்றில் தீநிரல் புகுந்திருப்பதை இந்தியக் கணினி நெருக்கடிக் குழு அறிவித்தது. அணுமின் கழகம் அதனை அக்குதோபர் 30ஆம் நாள் ஒப்புக்கொண்டது. தீநிரல் புகுந்தது ஆட்சிப்பணிக்குரிய, இணையத்தொடு பிணைந்த கணினி. உலையை இயக்கும் உள்வலை அதனின்று பிரிக்கப்பட்டிருந்தமையின் அதற்குக் கேடில்லை என்பது கழகத்தின் விளக்கம். வலைக்கும் வலைக்கும் இடையே விட்ட அவ்விடைவெளியே காப்பாயிற்று. ஆயினும் ஈரான் நாட்டு நடான்சில், இணையத்தொடு தொடர்பற்ற வலையினுள்ளும் கைக்கடக்கமான நினைவுக்கோல் வழியே புழுநிரல் புகுந்தமையை உலகம் 2010ஆம் ஆண்டு அறிந்தது. வழியிற் கிடந்த நினைவுக்கோலை எடுத்து ஆலைக் கணினியிற் செருகற்க என்னும் விதி, துப்புரவுத் தொழிலாளி வரை தமிழிற் சொல்லப்பட வேண்டுவது அதனாலன்றோ?

பூட்டிப் பறிக்கும் கொள்ளை

‘இரான்சம்வேர்’ என்பதைப் பறிநிரல் என்க. பழங்கால வெட்சியார் ஆநிரையைக் கவர்ந்து ஓட்டிச் சென்றனர். இக்காலக் கொள்ளையன் ஆவை ஓட்டிச் செல்வதில்லை. தொழுவத்தைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு விலை கேட்கின்றான். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ‘வன்னாக்கிரை’ என்னும் பறிநிரல் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவிற்று. பிரித்தானிய மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்பின. ரெனோ உந்து நிறுவனத்தின் தொழிற்சாலைகள் சில நின்றன. அந்நிரல் நுழைந்த ஓட்டைக்குரிய ஒட்டினை மைக்ரோசாபுட்டு நிறுவனம் இரு திங்கள் முன்னரே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. கிழிந்த கூரைக்கு ஓலை வந்து வாயிலிற் கிடந்தும் வேயாதவர் நனைந்தனர். ‘பேட்சு’ என்றால் புரியாது. ஒட்டுப்போடுதல் என்றால் புரியாதார் யார்?

2019ஆம் ஆண்டு மார்ச்சில் நார்வே நாட்டு ‘நார்சுக் ஐதுரோ’ என்னும் அலுமினிய நிறுவனம் இத்தகைய கொள்ளைக்கு ஆளாயிற்று. கேட்ட பணத்தை அது கொடுக்கவில்லை. தொழிலாளர் கணினியை விடுத்துக் கைவினையால் ஆலையை ஓட்டினர். முன்னரே எடுத்துவைத்த காப்புப்படிகளினின்று செய்திகள் மீட்கப்பட்டன. ஆதலின் ஒவ்வோர் ஆலையும் மூன்று படி வைத்தல் வேண்டும். இருவேறு வகைக் கலங்களில் வைத்தல் வேண்டும். ஒன்றை வேற்றிடத்தில் வைத்தல் வேண்டும். விதைநெல்லை ஒரே குதிரில் வையாத உழவனுக்கு இது புதிய அறிவன்று.

கடவுச்சொல்லும் மறையும்

‘பாசுவேர்டு’ என்பது கடவுச்சொல். கடத்தற்கு இசைவு தருவது கடவு. நீளமும் புதுமையும் அதற்கு உயிர். பிறந்தநாளும் மக்கள் பெயரும் அதற்குக் கூற்று. ஓரிடத்துச் சொல்லை மற்றோரிடத்தில் வழங்கற்க. ஒரு திறவுகோல் எல்லாப் பூட்டையும் திறக்குமாயின், அதனைத் தொலைத்தவன் எல்லாவற்றையும் தொலைத்தான்.

‘ஓ.டி.பி.’ என்பதை ஒருமுறைக் கடவெண் என்க. அது ஒருமுறைக்கே உரியது, ஒருவர்க்கே உரியது. கேட்பவன் வைப்பக மேலாளனே என்றாலும் சொல்லற்க. கைப்பேசிவழிப் பணம் பெறுதற்குக் கடவெண் இடவேண்டுவதில்லை, கொடுத்தற்கே இடல்வேண்டும். ‘பணம் வரும், எண்ணை அழுத்துக’ என்பவன் கள்வன். இவ்வொரு வரியைத் தமிழில் அச்சிட்டு ஆலைதோறும் ஒட்டினால் எத்துணைக் குடும்பங்களின் ஊதியம் காக்கப்படும்!

‘டிசிட்டல் அரெசுட்டு’ என அச்சுறுத்திப் பணம் பறிப்பார் இன்று பெருகினர். படித்தாரும் அச்சொல்லைக் கேட்டு நடுங்கினர். ஏன்? அச்சொல் விளங்காமையான். ‘கைப்பேசிக் கைது’ எனத் தமிழிற் சொல்லிப் பார்க்க, சிரிப்பன்றோ வரும்! கைப்பேசியில் ஒருவனைக் கைது செய்தல் எங்ஙனம்? அத்தகைய கைது இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. விளங்காச் சொல் அச்சத்தின் கருவறை. விளங்கிய சொல் அச்சத்தின் சுடுகாடு.

‘என்கிரிப்சன்’ என்பது மறையாக்கம்: உரியார் அன்றிப் பிறர் படியாவாறு செய்தியை உருமாற்றுதல். 1976ஆம் ஆண்டு திஃபி, எல்மன் என்னும் இருவர் வெளிப்படுத்திய முறையில் திறவுகோல் இரண்டு. பூட்டுவது ஒன்று, திறப்பது மற்றொன்று. இதனைக் கோயில் உண்டியலால் விளக்கலாம். காசு இடுதல் யார்க்கும் எளிது; எடுத்தல் திறவுகோலுடையார்க்கே ஆகும். இத்துணை எளிய கருத்தை, ஆங்கிலம் அறியாதான் அறியத்தகாத மறைபொருள் எனக் கட்டிவைத்தவர் யார்?

தடை கூறுவார்க்கு விடை

‘இவை உலகப் பொதுச்சொற்கள், மாற்றலாகாது’ என்பர் ஒருசாரார். ஐசுலாந்து நாட்டு மக்கள் தொகை நான்கிலக்கத்தையும் எட்டாது. அவர்கள் கணினியைத் ‘தெல்வா’ என்பர். எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் மகளைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் பிணைத்துத் தாமே படைத்த சொல் அது. நான்கிலக்கம் மக்களால் இயல்வது ஏழு கோடித் தமிழரால் இயலாதோ?

‘தமிழில் அறிவியல் ஏலாது’ என்பது மற்றொரு பழம்பாட்டு. 1847ஆம் ஆண்டு ஈழம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயல்நாட்டவர்க்கு இயன்றது அகநாட்டவர்க்கு இயலவில்லையெனின், குறை மொழியிலன்று, முதுகெலும்பில். மறைமலையடிகள் தனித்தமிழுக்குக் கால்கோளிட்ட 1916ஆம் ஆண்டிலேயே, சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனக் கழகம் கண்டனர். 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974ஆம் ஆண்டு தோன்றிய சொற்பிறப்பியல் அகரமுதலி இயக்ககத்தின் ‘சொற்குவை’யில் புதுச்சொற்கள் குவிந்துகொண்டிருக்கின்றன. சொல் இல்லை என்பது பொய். சொல்லை ஆள்வார் இல்லை என்பதே மெய்.

இவ்விடத்துத் தமிழ்ப்பற்றாளரும் தம்மை நோக்குதல் வேண்டும். ஒரு கருத்திற்கு ஏழு சொல் படைத்து, என் சொல்லே சொல் என வழக்காடி, ஏழனையும் அகராதியில் உறங்கவிடுதல் தொண்டன்று. உலையருகே நிற்பான் வாயில் நுழையாத சொல், தூய தமிழேயாயினும் அவனுக்கு அயன்மொழியே. தீயரண் எனினும் அமைக. காப்பரண் எனினும் அமைக. ஓர் ஆலையில் ஒரு சொல்லே வழங்குக. அச்சொல் நாள்தோறும் வழங்குக.

‘கும்மிடிப்பூண்டியில் பீகாரும் ஒடியமும் தந்த தொழிலாளர் பலர், அவர்க்குத் தமிழ் தெரியாதே’ எனின், நல்ல கேள்வி. 108ஆம் பிரிவு வகுத்த அறம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அவ்வத்தொழிலாளர்க்கு அவரவர் அறிந்த மொழியிற் சொல்லுக. எல்லையோரத்துத் தெலுங்கர்க்குத் தெலுங்கிற் சொல்லுக. தன் மொழிக்கு உரிமை கேட்பான் பிறர் மொழிக்கு உரிமை மறுத்தலாகாது. ஒருவர் மொழியிலும் சொல்லாது, ஒருவரும் அறியா மொழியிற் சொல்லி ஒழிவதே கண்டிக்கத்தக்கது.

செய்ய வேண்டுவன

தமிழகத்தில் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்தது 1956ஆம் ஆண்டு. அதன் ஒளி அரசு அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிடலாகாது. தொழிற்பேட்டையில் இடம் பெறும் ஒவ்வோர் ஆலையும் இணையக்காப்பு விதிகளைத் தமிழிலும், தன் தொழிலாளர் அறிந்த பிறமொழிகளிலும் வாயிலில் வைத்தல் வேண்டும் என அரசு ஆணையிடுக. பணிப்பயிற்சியில் அரை நாழிகையேனும் அவ்விதிகளை வாய்மொழியாய் விளக்குதல் கட்டாயமாகுக. வைப்பகங்கள் கடவெண் எச்சரிக்கையைக் கணக்கர் விரும்பும் மொழியில் விடுக்க. விடுக்கும் வரை ‘கவனக்குறைவு’ என்னும் பழியை ஏழை தலையிற் சுமத்தற்க. தொழிற்சங்கங்கள் ஊதிய உயர்வு வேண்டும் பட்டியலில் இதனையும் ஒரு வேண்டுகோளாய் எழுதுக. பெற்ற உயர்வைத் திருடன் கொண்டுபோகாதிருத்தற்கு வேறு வழியில்லை. பணமிழந்தார் நாணி ஒளியாது உடனே 1930 என்னும் எண்ணுக்கு அறிவிக்க. நாழிகை கழியக் கழியப் பணம் கைமாறிக்கொண்டே செல்லும் என உணர்க.

ஆசிரியர்காள்! பள்ளிக் கரும்பலகையில் நாள்தோறும் ஒரு சொல் எழுதுக. தூண்டில், பொய்யானை, பறிநிரல், அரண், காப்புப்படி, ஒருமுறைக் கடவெண். மாணவன் அதனை வீட்டிற்குக் கொண்டுசெல்வான்; இரவுமுறை முடித்து ஆலையினின்று வரும் தந்தை அதனை மகன் வாயிற் கேட்பான். சட்டமும் ஆணையும் வந்து சேருமுன், இச்சிறு சொற்கள் அவ்வில்லத்துக் கதவைச் சாத்திவிடும்.

திருத்தணியைத் தமிழ் காத்தது. கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் கைப்பேசியையும் அதுவே காக்கவல்லது. அதனை உள்ளே விடுக!